கார் ஓடும்போது ‘ஊ…’ என்ற சத்தமா? முதலில் எந்தச் சக்கரம் என்று பாருங்கள்!

‘ஊ…’ என்று ஒரு சத்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தொடங்குகிறது. 80-இல் வானொலிப் பாட்டை அமுக்கிவிடுகிறது. 100-ஐத் தொட்டாலோ, பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, “என்னடா, காடி ஏரோப்ளேன் மாதிரி கத்துது?” என்று கேட்கிறார். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் குறைகிறது. வீடு வந்து சேர்ந்ததும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறார்.

பழைய கார்களைப் பராமரிப்பது குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், கிள்ளான் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை நடத்திவரும் ஒருவர் இந்தக் காரின் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். காப்பாரில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் புரோட்டோன் வீரா அது. 1998-ஆம் ஆண்டு வண்டி. லாரி ஓட்டிய தந்தை சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியது. அவர் இப்போது இல்லை. மகன் அதில்தான் வேலைக்குப் போகிறார். விற்றுவிட்டு வேறு கார் எடுக்கலாம் என்ற பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் மாறிவிடும்.

பட்டறைக்கு வருவதற்கு முன்பே இரண்டு முறை பணம் செலவாகியிருந்தது. டயர் கடை ஒன்றில், “டயர் தேய்ந்துவிட்டது, அதுதான் சத்தம்” என்றார்கள். நான்கு டயர்களும் புதிதாக மாற்றப்பட்டன. சத்தம் போகவில்லை. அடுத்து வேறோர் இடத்தில், “வலப்பக்க முன்சக்கர பேரிங்” என்றார்கள். அதையும் மாற்றியாயிற்று. சத்தம் அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்து, பழைய சத்தத்தோடு புதிதாக இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது! தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அம்மாவையும் தங்கைகளையும் ஏற்றிக்கொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போக வேண்டும்.

“காசு போனா போகுதுண்ணே. வழியில சக்கரம் கழன்டுடுமோன்னுதான் பயமா இருக்கு” என்றாராம் அந்த இளைஞர்.

வீண் பயம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

ஒரு சிறு வளையம், பதினோரு கோடி சுற்று

காரின் மொத்த எடையும் நான்கு சக்கரங்களின் நடுவே இருக்கும் பேரிங்குகளின் மீதுதான் நிற்கிறது. உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் இடையே பளபளப்பான எஃகுக் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாமல் பிரித்துவைக்கும் ஒரு கூடு, கிரீஸ், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளே புகாமலும் காக்கும் சீல். அவ்வளவுதான் பேரிங். வீரா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களின் முன்பக்கத்தில், இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட ஒரே பேரிங் ஒவ்வொரு பக்கமும் இருக்கும். அது பொருந்தியிருக்கும் கனமான இரும்பு வார்ப்பைப் பட்டறைகளில் ‘நக்கல்’ என்பார்கள். கேலி ஒன்றும் இல்லை. அந்தப் பாகத்தின் ஆங்கிலப் பெயரே அப்படித்தான் ஒலிக்கிறது.

14 அங்குல ரிம்மில் 185/60 அளவு டயர் மாட்டிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 550 முறை சுற்றுகிறது. நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் சுற்று. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஒவ்வொரு பேரிங்கும் பதினோரு கோடி முறை சுற்றியிருக்கும். இத்தனைக்கும் அதைத் திறந்து பார்ப்பதோ புது கிரீஸ் வைப்பதோ இல்லை. மூடி முத்திரையிட்ட பொருளாகவே அது ஆலையிலிருந்து வருகிறது.

இவ்வளவு உழைக்கும் ஒன்று களைத்துப் போவது இயற்கை. குண்டுகள் ஓடும் பாதையில் எஃகின் மேற்பரப்பு செதில் செதிலாக உரியத் தொடங்கும். அந்தச் சொரசொரப்பின் மீது குண்டுகள் உருளும்போது எழுவதுதான் ‘ஊ…’ என்ற சத்தம். வயது மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. சாலை நடுவே இருக்கும் கல்லில் சக்கரம் ஒரு முறை பலமாக மோதினாலும், கவனிக்காமல் ஆழமான குழியில் இறங்கினாலும், குண்டு தன் அச்சைப் பாதையில் பள்ளமாகப் பதித்துவிடும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுகின்றன. சாலையோரக் குழிகளிலும் தேங்கிய நீரிலும் அதிகம் இறங்குவது இடப்பக்கச் சக்கரங்கள்தான் என்பதைப் பட்டறைக்காரர் குறிப்பிட்டுச் சொன்னார்.

வெள்ளம் இன்னொரு எதிரி. ஓடிச் சூடான ஹப் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த வெள்ளத்தைப் போல, காரே நாள்கணக்கில் நீரில் நின்றால் கேட்கவே வேண்டாம். இருக்கைகளைக் காயவைத்து, எஞ்சின் எண்ணெய் மாற்றி ஓட்டத் தொடங்குவோம். பேரிங்குக்குள் துரு வேலையைத் தொடங்கியிருப்பது சில மாதங்கள் கழித்துத்தான் காதில் விழும்.

காது சொல்வதை அப்படியே நம்பலாமா?

காரின் உடல் முழுவதும் தகரமும் வெற்றிடமும். ஒரு மூலையில் எழும் அதிர்வு இன்னொரு மூலையில் ஒலிப்பதற்கு அது வசதியான பெட்டி. போதாக்குறைக்கு, ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். காலடியில் கேட்கும் சத்தத்தை வலப்பக்கச் சத்தம் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். வீராவுக்கும் இதுதான் நடந்தது. ‘வலப்பக்கமா கேக்குது’ என்று மகன் சொன்னார்; அதை நம்பி வலப்பக்கத்தையே கழற்றிவிட்டார்கள். நோயாளி கை காட்டிய இடத்தில் கத்தி வைக்கும் மருத்துவரை என்னவென்று சொல்வது?

பட்டறைக்காரர் வீராவைப் பார்த்ததும் ஜேக்கைத் தேடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வானொலியை அணைத்தார், ஏர்கோனையும் நிறுத்தினார், ஜன்னல்களை ஏற்றினார். வாகனம் குறைவான நேரான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் சத்தம் இறங்கியது. ‘ஊ…’ அப்படியே இருந்தது. அப்படியானால் எஞ்சினோடு தொடர்புடையது அல்ல. சக்கரத்தின் வேகத்தோடு வருவது. (இந்தச் சோதனையில் எஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். ஆட்டோ கியர் காரை நீண்ட நேரம் நியூட்ரலில் ஓடவிடுவதும் ஆகாது.) எக்ஸலேட்டரை விட்டால் மறைந்து, அழுத்தினால் திரும்பி வரும் சத்தமாக இருந்திருந்தால் அவர் கியர் பெட்டியைச் சந்தேகித்திருப்பார்.

அடுத்து டயர். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான பகுதியிலிருந்து பழைய சொரசொரப்பான பகுதிக்குப் போகும்போது சத்தத்தின் தன்மை மாறினால், டயர்மீது சந்தேகம் விழலாம். பேரிங்குக்குத் தார் பழையதா புதியதா என்ற கவலை கிடையாது. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக, ரம்பப் பல்போல் தேய்ந்திருப்பது தெரியும். அப்படி இருந்தால், முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தமும் கூடவே பின்னுக்குப் போனால் குற்றவாளி டயர். இதற்குச் செலவு, அரை மணி நேரமும் கொஞ்சம் வியர்வையும். நான்கு புது டயர்கள் வாங்குவதற்கு முன் யாராவது இதைச் செய்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் தீபாவளித் துணிமணிக்கு மிஞ்சியிருக்கும்.

வளைவில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியமான சாட்சி. பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார்? வலப்பக்கம். காரின் எடையும் அப்படித்தான் சாய்கிறது. இடப்பக்க வளைவில் வலப்பக்கச் சக்கரங்கள் அதிகச் சுமை தாங்கும். வலப்பக்க வளைவில் இடப்பக்கச் சக்கரங்கள். கெட்டுப்போன பேரிங்கின் மீது சுமை கூடும்போது அதன் சத்தமும் பெரும்பாலும் கூடும். நம் ஊர் ரவுண்டபவுட்டைக் கடிகாரத் திசையில்தான் சுற்றுகிறோம், அதாவது தொடர்ந்து வலப்பக்கம் திரும்புகிறோம். அங்கே சத்தம் பெருத்தால், இடப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

வீரா வலப்பக்க வளைவில்தான் முனகலைக் கூட்டியது. இடப்பக்கம் வளைத்தபோது அது தணிந்தது. ஆனால் வேறொரு மெல்லிய ‘டக்டக்டக்’ தலைகாட்டியது. மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அப்ப ரெண்டு பக்கமுமாண்ணே?” என்று கேட்டார். “அவசரப்படாதே தம்பி, தூக்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார் பட்டறைக்காரர். இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்கில், எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வளைவுச் சோதனை சில வேளைகளில் ஆளைத் தவறாகத் திருப்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் கேட்கும் ‘கடக் கடக்’ என்பது வேறு நோய். அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. பிரேக்கை மிதித்ததும் மாறும் கீச்சொலிக்கு பிரேக் பேடையோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும்.

கை உணரும் மணல்

பட்டறையில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டின் மீது நிறுத்தினார்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நுழைப்பது தற்கொலைக்குச் சமம். இதை நிகழ்ச்சியில் அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் சொல்ல வேண்டியதுதான்.

சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டு, மறு கையின் விரல்களை அப்சார்பர் ஸ்பிரிங்கின் மீது வைக்க வேண்டும். காதுக்குக் கேட்காத அதிர்வு அந்த ஸ்பிரிங் கம்பி வழியாக விரலுக்கு வந்து சேரும். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. வீராவின் இடப்பக்கத்தில், வளையத்துக்குள் யாரோ மணலைக் கொட்டியதுபோல் நறநறத்தது. வலப்பக்கத்தில், சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஒரே சீரான சிறு தட்டல்கள் விரலில் பட்டன. அவர் அதைப் பற்றி அப்போது வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஆட்டம் பார்ப்பது. சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். லொடலொடவென்று ஆடினால் பேரிங்காக இருக்கலாம், கீழே இருக்கும் பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது? இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் அழுத்தும்போது ஹப்பும் நக்கலும் ஒன்றாக இறுகிவிடும். ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம். அப்போதும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம் திரும்ப வேண்டும்.

வீராவின் இரு சக்கரங்களிலும் ஆட்டமே இல்லை. ‘ஆட்டம் இல்லையே, பேரிங் நல்லாத்தான் இருக்கு’ என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் பிறகு வரும். ஆட்டம் தெரிகிறது என்றால் நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம் என்று பொருள்.

தூக்கி நிறுத்திய காரை எஞ்சினைப் போட்டு ஓடவிட்டுச் சத்தம் கேட்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஒரு சக்கரம் தரையில் நின்றிருக்க மற்றது மட்டும் சுழன்றால், மீட்டர் காட்டும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் அது சுழலும். மீட்டர் 60 என்றால் சக்கரம் 120-இல் பறக்கிறது. வீட்டு முற்றத்தில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

கழற்றுவதில் பாதி, அழுத்துவதில் மீதி

பின்னாளில் வந்த பல கார்களில் ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டாக வருகின்றன. போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. வீரா தலைமுறைக் கார்களின் முன்பக்கம் அப்படியல்ல. பேரிங் நக்கலுக்குள் பலத்த அழுத்தத்தில் செருகப்பட்டிருக்கும். அதன் உள்வளையத்துக்குள் ஹப் அதேபோல் இறுகியிருக்கும். நடுவே டிரைவ் ஷாஃப்ட் நுழைந்து, வெளியே ஒரு பெரிய நட்டு அனைத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

அந்தப் பெரிய நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். அந்தரத்தில் சக்கரத்தை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட முடியாது. பிறகு காரைத் தூக்கி, சக்கரம், பிரேக் கேலிப்பர், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவது. கேலிப்பரை பிரேக் ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஸ்டீயரிங் கம்பியின் முனை, கீழ் பால் ஜாயிண்ட், அப்சார்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் ஆகியவற்றை விடுவித்தால் நக்கல் கையோடு வந்துவிடும். அப்சார்பர் போல்ட்டுகள் இருந்த நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது நல்லது. அங்கே சிறிது மாறினாலும் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

இதுவரை துருவும் பொறுமையும் சம்பந்தப்பட்ட வேலை. மிச்சம் இருப்பதில்தான் பேரிங்கின் ஆயுள் தீர்மானமாகிறது.

ஹப்பை வெளியே தள்ளும்போது பழைய பேரிங்கின் உள்வளையத்தில் பாதி பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை இழுவைக் கருவியால் எடுக்க வேண்டும். அசையாவிட்டால் ஹப்பில் கீறல் விழாமல் வளையத்தை மட்டும் தேய்த்துப் பிளக்க வேண்டும். நக்கலின் உட்புறத்தில் பேரிங்கைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைக் கழற்றிவிட்டு, பழையதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளிவிட்டு, துவாரத்தைத் துடைத்து, கீறலோ தேய்மானமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துவாரம் தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் நிற்காது.

புது பேரிங்கை நக்கலுக்குள் இறக்கும்போது அதன் வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை இறக்கும்போது, அடியில் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். இது ஏன்? ஒரு வளையத்தை அழுத்தி மற்றொன்றைத் தாங்கிப் பிடித்தால், பல டன் விசையும் நடுவே இருக்கும் குண்டுகள் வழியாகவே கடந்து போகும். ஒவ்வொரு குண்டும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு நுண்ணிய பள்ளத்தைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கையால் சுற்றினாலும் உடனே தெரியாது. காரில் மாட்டி ஓட்டினால் முதல் சில நாள் அமைதியாக இருக்கும். பிறகு சத்தம் தொடங்கும். அப்போது பேரிங்கைச் செய்த நிறுவனத்தைத் திட்டுவோம். அந்த பேரிங்கோ காரில் ஏறுவதற்கு முன்பே செத்துப் போயிருக்கும்.

பட்டறைக்காரர் வீராவின் இரண்டு பழைய பேரிங்குகளையும் பிளந்து மேசைமீது வைத்தார். இடப்பக்கத்தில் கிரீஸ் காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. பாதையில் ஓரிடத்தில் எஃகு உரிந்து கிடந்தது. தண்ணீர் புகுந்து, வயதாகி, தன் வேலையை முடித்துக்கொண்ட பேரிங். ‘ஊ…’ சத்தம் தொடக்கத்திலிருந்தே இங்கிருந்துதான் வந்திருக்கிறது. வலப்பக்கத்தில், அதாவது ஒரு மாதத்துக்கு முன் புதிதாகப் போட்டதில், கிரீஸ் சுத்தமாக இருந்தது. பாதையைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குண்டுகள் இருந்த இடைவெளியிலேயே வரிசையாகச் சிறு சிறு குழிகள். பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். விரலில் பட்ட சீரான தட்டல்களுக்கு விளக்கம் அங்கே கிடந்தது. குற்றமில்லாத பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நோயாளியை உட்காரவைத்திருக்கிறார்கள்!

மகன் அந்த இரண்டையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, “அண்ணே, பிரஸ் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை. பிரஸ் இல்லாத பட்டறையாக இருந்தாலும் பரவாயில்லை. நக்கலை மட்டும் கழற்றி, பிரஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்தி வாங்கிவரும் நேர்மையான மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். ஏ.பி.எஸ். உள்ள கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில பேரிங்குகளின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் ஏ.பி.எஸ். விளக்கு அணையாது, வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

நட்டு, எடை, பெட்டி

எல்லாம் மாட்டிய பிறகு அந்தப் பெரிய நட்டை முறுக்குவதும் ஏனோதானோ வேலை அல்ல. பேரிங்கின் இரண்டு பாதி உள்வளையங்களையும் சேர்த்து இறுக்கி, குண்டுகளுக்குச் சரியான பிடியைக் கொடுப்பது அந்த நட்டுதான். பல முன்சக்கர இயக்கக் கார்களில் அதன் முறுக்கம் 200 நியூட்டன் மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு கிடைக்குமோ, அவ்வளவு. சரியான எண் அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் கொண்டுதான் அதை எட்ட வேண்டும். காற்றுத் துப்பாக்கியை ‘டர்ர்ர்’ என்று ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவது அளவாகாது. நட்டை முழுதாக இறுக்காமல் காரைத் தரையில் இறக்கி உருட்டக் கூடாது. புது பேரிங் அந்த எடையிலேயே கெடலாம். கழற்றிய நட்டும், அதைப் பூட்டும் பின்னும் புதியவையாக இருப்பது நல்லது.

தாத்தா காலத்து டாட்சன் 120ஒய், கொரோலா கே.இ.70 வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் காரின் முன்சக்கரத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அவற்றில் குண்டுகளுக்குப் பதிலாகச் சாய்வான உருளைகள் கொண்ட பேரிங்குகள் இரண்டு இரண்டாக இருக்கும். ஹென்றி டிம்கென் 1898-இல் காப்புரிமை பெற்ற வகை அது. அதைக் கழற்றிக் கழுவலாம், புது கிரீஸ் வைக்கலாம். நட்டை முறுக்கி, தளர்த்தி, மறுபடி இலேசாகப் பிடித்து, பின் செருகினால் போதும். அந்த நட்டை 200-க்கு முறுக்கினால் பேரிங் வெந்துவிடும்.

பேரிங் வாங்கும்போது போலிகளிடம் எச்சரிக்கை தேவை. உலகப் புகழ்பெற்ற பெயர்கள் அச்சிட்ட பெட்டிகளில் தரமற்ற சரக்கு வருவது உலகெங்கும் உள்ள தொல்லை. எஸ்.கே.எஃப். போன்ற நிறுவனங்கள் பெட்டியைச் சரிபார்க்கக் கைப்பேசிச் செயலியே வைத்திருக்கின்றன. விலை மற்ற கடைகளைவிட நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால், பெட்டியின் எழுத்துகளும் பேரிங்கின்மீது பொறித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்றாவது பார்க்க வேண்டும். ஹாஃப்-கட் கடையில் நக்கலோடு சேர்த்துப் பழைய பேரிங்கை வாங்கிவந்து மாட்டுவோரும் உண்டு. உடைந்த நக்கலுக்கு அது கைகொடுக்கும். பேரிங்குக்காக என்றால், அதுவும் யாரோ ஒருவருக்காகப் பல கோடி சுற்று உழைத்ததுதானே?

இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

கலந்துரையாடலின்போது நேயர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பட்டறைக்காரர் எண் எதையும் சொல்ல மறுத்துவிட்டார். இலேசான முனகலாக இருந்தால் அந்த வாரத்திலேயே நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட வேண்டும், நீண்ட பயணம் கூடாது. முனகல் அரைக்கும் சத்தமாக மாறினாலோ, ஸ்டீயரிங் தள்ளாடினாலோ, சிறிது தூரம் ஓடியதுமே ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டாலோ, இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். (சூட்டைக் கையருகே கொண்டுபோய் உணர்ந்தால் போதும், தொட்டுப் பார்க்க வேண்டாம். அளவற்ற பிரேக் பிடிப்பும் சக்கரத்தைச் சுட வைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.) முற்றிய நிலையில் டிஸ்க் ஆடி ஆடி பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். அதற்கும் பிறகு பேரிங் இறுகிப் பூட்டிக்கொள்ளலாம், அல்லது சிதறிச் சக்கரத்தையே விட்டுவிடலாம். 110 கிலோமீட்டர் வேகத்தில், அம்மாவும் தங்கைகளும் பின்னிருக்கையில் இருக்கும்போது.

வீராவுக்கு இரு பக்கமும் புது பேரிங்குகள், சீல்கள், நட்டுகள் போடப்பட்டன. பிரஸ்ஸில் இறக்கியபோது மகனையும் பக்கத்தில் நிற்கவைத்து, எந்த வளையத்தின்மீது அழுத்துகிறார்கள் என்று காட்டினார்களாம். பிறகு சக்கரங்களின் நேர்நிலை சரிசெய்யப்பட்டது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து சக்கர நட்டுகளை ஒரு முறை பார்த்துக்கொண்டு போகச் சொல்லி அனுப்பினார் பட்டறைக்காரர்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு மகன் வந்தார், அம்மாவோடு. நட்டுகளைப் பார்த்து முடித்ததும் பட்டறைக்காரர், “இப்ப எப்படிம்மா இருக்கு காடி?” என்று கேட்டார்.

“சத்தம் போயிடுச்சு தம்பி. ஆனா இப்பத்தான் அந்த ரேடியோ கரகரங்கிறது தெரியுது” என்றாராம் அம்மா.